லேப்டாப்பில் ஒரு கஞ்சா பொட்டலம்

போன மாதம் கீழ் கோத்தகிரியில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மறுநாள் கிளம்புவதற்கு முன் ஒரு காகிதத்தை ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. வெளியே சாரல். எதிரில் இருக்கும் தேயிலைச் சரிவே தெரியாத அளவுக்கு மூட்டம். கடையில் கரண்ட் இருந்தது, நெட் இல்லை. மலையில் மழை பிடித்தால் முதலில் படுத்துக்கொள்வது நெட்தான் என்றார் கடைக்காரர்.

எனக்கு முன்னால் ஓர் இளம்பெண் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு நெட் வரக் காத்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். சின்னத் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை. கீழே சரிவில் இருக்கும் இருளர், குறும்பர் ஊர்களுக்குப் போய், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வன உரிமைச் சட்ட மனு என்று எழுதிக்கொடுப்பதும், அதைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைவதும்தான் வேலையாம்.

ஒருவழியாக நெட் வந்தது. ஏழெட்டு மெயில் விழுந்தது. அதில் ஒன்று முன்பின் தெரியாத முகவரியிலிருந்து. 'அவசரம், நிலப் பிரச்னை' என்று தலைப்பு. கூடவே ஒரு அட்டாச்மென்ட். ஒரு நொடிகூட யோசிக்காமல் அதை க்ளிக் செய்தார்.

"யார் அனுப்பினதுன்னு தெரியுமாம்மா?"

"தெரியலை சார்."

"தெரியாதவங்க அனுப்பினதைத் திறக்கலாமா?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உதவி கேட்டு எழுதறவங்க எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்களாவே இருப்பாங்களா சார்? திறந்து பார்த்தாத்தானே என்ன பிரச்னைன்னு தெரியும்?"

அந்த மெயிலில் இருந்தது நிஜமாகவே ஒரு பட்டா விவகாரம்தான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், மேட்டுப்பாளையம் வந்து சேரும்வரை அந்தப் பதில் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஏனென்றால், இதே போல ஓர் அட்டாச்மென்ட்டைத் திறந்த ஒருவர் பிறகு ஆறரை வருடம் சிறையில் இருந்தார். அதே வழக்கில் கைதான இன்னொருவர் உயிரோடு வெளியே வரவே இல்லை. அந்த இன்னொருவர் நம்ம திருச்சிக்காரர்.

*

முதலில் அந்த அட்டாச்மென்ட் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ரோனா வில்சன், டெல்லியில் இருந்துகொண்டு அரசியல் கைதிகளின் விடுதலைக்காக வேலை செய்துவந்தவர். 2016 ஜூன் 13-ம் தேதி அவருக்குத் தெலுங்குக் கவிஞர் வரவர ராவின் மெயில் கணக்கிலிருந்து ஓர் அட்டாச்மென்ட் வந்தது. தெரிந்தவர் முகவரி. அதைத் திறந்து பாருங்கள் என்று அந்தப் பக்கம் இருந்தவர் விடாமல் நச்சரிக்க, வில்சன் திறந்தார். கண்ணுக்குத் தெரிந்தது ஒரு சாதாரண டாகுமென்ட். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியது 'நெட்வயர்' என்ற புரோகிராம். எங்கோ உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் கம்ப்யூட்டரைத் தன் கம்ப்யூட்டர் போல நடத்த உதவும் சமாசாரம். இன்டர்நெட்டில் அப்போது பகிரங்கமாக விற்றுக்கொண்டிருந்தார்கள்.

2018 ஜனவரி 1. மகாராஷ்டிராவில் புனே அருகே பீமா கோரேகானில் கலவரம். அதற்கு முந்தைய நாள் புனேயில் நடந்த ஒரு கூட்டம்தான் காரணம் என்று சொல்லி, புனே போலீஸ் ஏப்ரல் 17-ம் தேதி பல ஊர்களில் சோதனை போட்டது. வில்சனின் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போனது. ஜூன் 6-ம் தேதி அவரும் நாக்பூர் வக்கீல் சுரேந்திர காட்லிங்கும் இன்னும் மூன்று பேரும் கைது. லேப்டாப்பில் கடிதங்கள் கிடைத்ததாம். அதில் ஒன்றில், ராஜீவ் காந்தி கொலை பாணியில் பிரதமரைக் கொல்லத் திட்டம் இருந்ததாம். டி.வி. சேனல்கள் பல நாள் இதை வைத்தே ஓட்டின. உங்களுக்கும் நினைவிருக்கும்.

அதற்குப் பிறகு வந்த செய்தி எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

வில்சனின் வக்கீல்கள் லேப்டாப்பின் டிஸ்க் நகலை அமெரிக்காவில் 'ஆர்சனல் கன்சல்டிங்' என்ற தடயவியல் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். 2021 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. வெளியாள் ஒருவர் அந்த லேப்டாப்புக்குள் 22 மாதத்துக்கும் மேலாகக் குடியிருந்திருக்கிறார். யார் கண்ணிலும் படாமல் மறைத்துவைத்த ஒரு ஃபோல்டருக்குள் முக்கியமான பத்து கடிதங்களையும் வைத்தது அவர்தான். வில்சன் அவற்றை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததற்குத் தடயம் இல்லை. அந்தக் கடிதங்கள் தயாரானது வில்சனின் லேப்டாப்பிலேயே இல்லாத, அதைவிடப் புதிய வேர்டு மென்பொருளில். அந்த வெளியாள் கடைசியாக உள்ளே வேலை பார்த்தது 2018 ஏப்ரல் 16. போலீஸ் வந்து கதவைத் தட்டியது ஏப்ரல் 17.

தேதிகளை இன்னொருமுறை படியுங்கள்.

அடுத்த சில மாதங்களில் வந்த இன்னோர் அறிக்கை, சுரேந்திர காட்லிங்கின் கம்ப்யூட்டரிலும் இதே கைவரிசை நடந்திருக்கிறது என்றது.

*

இப்போது நம்ம ஊர்க்காரர்.

ஸ்டேன் சாமி. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-ல் பிறந்தவர். ஏசு சபைப் பாதிரியார். வாழ்க்கையின் பெரும்பகுதியை ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு கழித்தவர். நக்சலைட் என்று முத்திரை குத்தப்பட்டு, விசாரணையே நடக்காமல் சிறையில் கிடக்கும் ஆதிவாசி இளைஞர்களுக்காக ஜார்க்கண்ட் ஹைகோர்ட் வரை போனவர். அதாவது, கீழ் கோத்தகிரியில் நான் பார்த்த அந்தப் பெண் இன்று செய்யும் அதே வேலையைத்தான் அவர் அங்கே பல வருடம் செய்தார்.

ராஞ்சியில் அவர் தங்கியிருந்த இடத்தில் 2018 ஆகஸ்டில் ஒருமுறை சோதனை. 2019 ஜூன் 12-ல் மறுமுறை. கம்ப்யூட்டர் பறிமுதல். 2020-ல் வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்கு, அதாவது என்.ஐ.ஏ.வுக்கு மாறியது. அக்டோபர் 8-ம் தேதி அவரைக் கைது செய்தார்கள். வயது 83. பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், டம்ளர் பிடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்க ஸ்ட்ராவும் சிப்பர் கப்பும் வேண்டும் என்று கோர்ட்டில் மனு போட்டார். பதில் சொல்ல 20 நாள் அவகாசம் கேட்டது என்.ஐ.ஏ. ஒரு ஸ்ட்ராவுக்கு, சார்!

2021 ஜூலை 5-ம் தேதி, பம்பாய் ஹைகோர்ட்டில் அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்று, அவர் இறந்துவிட்டார் என்று கோர்ட்டில் சொன்னார்கள். விசாரணைக் கைதிகளுக்காக வழக்குப் போட்டவர், விசாரணைக் கைதியாகவே செத்துப்போனார்.

கைதாவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு வீடியோவில் அவர் பேசியிருந்தார். என் கம்ப்யூட்டரில் இருந்ததாகச் சில கடிதங்களைக் காட்டினார்கள், இவை எனக்குத் தெரியாமல் உள்ளே வைக்கப்பட்ட பொய்கள் என்று அவர்களிடம் சொல்லி மறுத்துவிட்டேன் என்றார். அன்றைக்கு அதை யார் நம்பினோம்? மாட்டிக்கொண்ட எல்லோரும் சொல்வதுதானே என்று சேனலை மாற்றினோம்.

2022 டிசம்பரில் ஆர்சனல் அறிக்கை வந்தது. ஸ்டேன் சாமியின் கம்ப்யூட்டருக்குள் 2014 அக்டோபரிலிருந்தே வெளியாள் இருந்திருக்கிறார். அவரைச் சிக்கவைக்கும் ஃபைல்களை வைத்ததும் அந்த வெளியாள்தான். 2019 ஜூன் 11-ம் தேதி, அதாவது சோதனைக்கு முந்தைய நாள், தன் தடயங்களை அவசர அவசரமாக அழிக்க ஆரம்பித்திருக்கிறார். நாளை காலை போலீஸ் வரப்போகிறது என்று அவருக்கு யார் சொன்னது?

கிழவர் சொன்னது உண்மைதான் என்று சொல்ல ஓர் அறிக்கை வந்தபோது, கேட்க அவர் இல்லை.

*

'உளவு' என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது ஒட்டுக்கேட்பது. யாரோ நம் மெயிலைப் படிக்கிறார்கள், போன் பேச்சைக் கேட்கிறார்கள். கோவையில் இருக்கும் என் நண்பர், ரிட்டயரான பேங்க் அதிகாரி, இந்தப் பேச்சை எடுத்தாலே சொல்வார்: "படிச்சுட்டுப் போகட்டுமேப்பா. என்கிட்ட மறைக்க என்ன இருக்கு? தப்பு பண்ணினவன்தான் பயப்படணும்."

நீங்களும் இதைச் சொல்லியிருப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான்.

ஆனால், ஸ்டேன் சாமியிடமும் மறைக்க எதுவும் இல்லை. அதனால்தான் அவர் கம்ப்யூட்டரில் கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தது. அவரிடமிருந்து திருட வந்தவர்கள் இல்லை இவர்கள். வைத்துவிட்டுப் போக வந்தவர்கள்.

இது புரிய தமிழ்நாட்டுக்காரனுக்குக் கம்ப்யூட்டர் படிப்பு தேவையே இல்லை. 'கஞ்சா கேஸ்ல உள்ளே தள்ளிடுவேன்' என்ற மிரட்டலைக் கேட்காத ஊர் நம்மிடம் உண்டா? சினிமாவில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? பிடிக்காதவன் சட்டைப் பையில் ஒரு பொட்டலம். அப்புறம் அதை எடுப்பதும் அவர்களே, சாட்சி சொல்வதும் அவர்களே. அதே பொட்டலம்தான் இப்போது லேப்டாப்பில்.

ஒரே வித்தியாசம், பழைய பொட்டலத்தை நாம் சந்தேகப்படக் கற்றிருக்கிறோம். போலீஸ் 'கைப்பற்றினோம்' என்று சொன்னால் சிரித்துக்கொள்கிறோம். புதிய பொட்டலத்தைச் சந்தேகப்பட இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. 'கம்ப்யூட்டர்லயே இருந்துச்சாமே' என்று சொல்லும்போது நம் குரலில் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. மனுஷன் பொய் சொல்வான், மெஷின் பொய் சொல்லாது என்று யாரோ நம்மை நம்பவைத்துவிட்டார்கள்.

*

மெஷினுக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று மத்திய அரசுக்கே நன்றாகத் தெரியும். தெரிந்த இடம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. கூடங்குளம்.

2019 அக்டோபர் கடைசியில், கூடங்குளம் அணுமின் நிலையத்துக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டதாகச் செய்தி கசிந்தது. 29-ம் தேதி, அப்படியெல்லாம் நடக்கவே முடியாது என்று அணுமின் நிலையத்திலிருந்து மறுப்பு. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: ஆமாம், புகுந்தது, ஆனால் நிர்வாக வேலைக்கான நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான், உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனி. செப்டம்பர் 4-ம் தேதியே தகவல் வந்துவிட்டதாம். கிட்டத்தட்ட இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. செய்தி கசியாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் நமக்குத் தெரிந்திருக்காது.

நான் கேட்பது இவ்வளவுதான். துப்பாக்கிக் காவல் போட்ட அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டருக்குள் ஒருவன் நுழைய முடியும் என்றால், ராஞ்சியில் ஒரு வயதான பாதிரியாரின் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியாதா? அங்கே புகுந்தது வைரஸ் என்று நம்புகிற அரசு, இங்கே கிடைத்த கடிதம் மட்டும் சுத்தமானது என்று எப்படி நம்புகிறது?

இன்னொரு கதையும் உண்டு. 2009 மார்ச்சில் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 'கோஸ்ட்நெட்' என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தரம்சாலாவில் தலாய் லாமாவின் அலுவலகத்தில் ஆரம்பித்த ஆராய்ச்சி. 103 நாடுகளில் 1,295 கம்ப்யூட்டர்களுக்குள் யாரோ புகுந்திருந்தார்கள். தூதரகங்கள், வெளியுறவு அமைச்சகங்கள் எல்லாம் அதில் உண்டு. விரல் சீனாவை நோக்கி நீண்டது, சீனா மறுத்தது. எப்படி நுழைந்தார்கள்? அதே அட்டாச்மென்ட்தான். திபெத் விடுதலைக்கு ஆதரவான கடிதம் போல எழுதி அனுப்பியிருந்தார்கள். திபெத்துக்காரர் அதைத் திறக்காமல் இருப்பாரா?

அப்போது நாமெல்லாம் கொதித்தோம். நம் மண்ணில் தஞ்சம் புகுந்தவர் வீட்டில் வேவு பார்ப்பதா என்று. அதே கோபம் விரகாலூர்க்காரர் விஷயத்தில் எங்கே போயிற்று?

*

எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஒருபக்கமாக எழுதுகிறேன் என்பீர்கள்.

என்.ஐ.ஏ. ஆர்சனல் அறிக்கைகளை ஏற்கவில்லை. புனே தடயவியல் கூடம் பரிசோதித்ததில் வில்சனின் லேப்டாப்பில் எந்த வைரஸும் இல்லை என்கிறது. இவை எதிர்த்தரப்பு வாங்கிய அறிக்கைகள், குற்றப்பத்திரிகையில் இல்லாதவை, எதுவானாலும் விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது.

சரி, விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம். விசாரணை எப்போது?

ரோனா வில்சனுக்கு பம்பாய் ஹைகோர்ட் ஜாமீன் கொடுத்தது 2025 ஜனவரியில். கைதாகி ஆறரை வருடம் கழித்து. அன்றுவரை விசாரணை ஆரம்பிக்கக்கூட இல்லை.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. இவர்கள் மேல் போட்டது 'உபா' சட்டம். அதன் 43டி பிரிவு, போலீஸ் சொல்லும் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது என்கிறது. ஜாமீன் கட்டத்தில் சாட்சியங்களை அலசி எடைபோட வேண்டாம் என்று 2019-ல் ஒரு காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே, 'என் கம்ப்யூட்டரில் யாரோ வைத்தார்கள், இதோ நிபுணர் அறிக்கை' என்று நீங்கள் கதறினாலும், பதில் ஒன்றுதான்: விசாரணையில் சொல்லுங்கள். விசாரணை நடக்காது. அதுவரை உள்ளே இருங்கள். பொட்டலம் வைத்தவனுக்குத் தீர்ப்பு தேவையில்லை. பொட்டலம் இருக்கிறது என்ற செய்தி போதும்.

(2023 ஜூலையில் இதே வழக்கில் வெர்னன் கொன்சால்வஸ், அருண் ஃபெரைரா இருவருக்கும் ஜாமீன் கொடுத்தபோது, ஆவணங்களுக்கு எந்த அளவு மதிப்பு உண்டு என்று ஜாமீன் கட்டத்திலும் ஓரளவு பார்க்கத்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. அதற்குள் ஸ்டேன் சாமி போய் இரண்டு வருடம்.)

இதில் பா.ஜ.க.வை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. 43டி பிரிவு சட்டத்தில் நுழைந்தது 2008 டிசம்பரில். அப்போது ஆட்சி காங்கிரஸ் கூட்டணி. உள்துறை அமைச்சர் சிவகங்கை எம்.பி. ப.சிதம்பரம். கூட்டணியில் தி.மு.க.வும் இருந்தது. யார் கம்ப்யூட்டரையும் அரசு கண்காணிக்க வழிசெய்யும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவை அகலமாக்கியதும் அதே 2008 டிசம்பரில்தான். ஒருவர் கத்தியைத் தீட்டி வைத்தார், இன்னொருவர் எடுத்துக்கொண்டார்.

*

வைத்தது யார்? ஆர்சனல் பெயர் சொல்லவில்லை. 2022 பிப்ரவரியில் 'சென்டினல் ஒன்' என்ற இன்னொரு நிறுவனம், இந்தக் கும்பல் குறைந்தது 2012-லிருந்து இந்தியாவில் மனித உரிமை ஆர்வலர்கள், வக்கீல்கள், பேராசிரியர்களைக் குறிவைத்து வேலை செய்கிறது, இவர்கள் வேலை இந்திய அரசின் நலன்களோடு அச்சாக ஒத்துப்போகிறது என்றது. அதே வருடம் ஜூனில் அமெரிக்காவின் 'வயர்ட்' பத்திரிகை இன்னும் ஒரு படி மேலே போனது. இந்த வழக்கில் சிக்கியவர்களின் ஹேக் செய்யப்பட்ட மூன்று மெயில் கணக்குகளில், பாஸ்வேர்டை மீட்பதற்காக ஒரு மெயில் முகவரியும் போன் நம்பரும் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தன, அவை புனே போலீஸ் அதிகாரி ஒருவரோடு தொடர்புள்ளவை என்று எழுதியது.

இது குற்றச்சாட்டுதான், தீர்ப்பு இல்லை. ஆனால், போலீஸே குற்றத் தடயத்தை உள்ளே வைத்தது என்று ஒரு குற்றச்சாட்டு வந்தால், ஒரு ஜனநாயக நாட்டில் முதலில் என்ன நடக்க வேண்டும்? விசாரணை. அரசு என்ன செய்தது?

பெகாசஸ் விஷயத்தில் என்ன செய்ததோ அதைத்தான். 2019-ல் வாட்ஸ்அப் மூலம் உலகம் முழுக்க சுமார் 1,400 போன்களில் பெகாசஸை ஏற்ற முயற்சி நடந்தது என்று தெரிந்தது. இந்தியாவில் குறிவைக்கப்பட்டவர்களில் பீமா கோரேகான் வழக்கில் கைதானவர்களின் வக்கீல்களும் உண்டு. 2021 ஜூலையில் ஒரு பெரிய பட்டியல் வெளியே வந்தது. மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தியின் எண்ணும் அதில் இருந்ததாகச் செய்தி. (பட்டியலில் இருந்ததாலேயே போனில் புகுந்தார்கள் என்று அர்த்தமில்லை, போனைப் பரிசோதித்தால்தான் தெரியும்.) சட்டவிரோதக் கண்காணிப்பு நம் நாட்டில் சாத்தியமே இல்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார் அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ். அவருடைய எண்ணும் பட்டியலில் இருந்தது என்பது அப்புறம் வந்த தமாஷ்.

பெகாசஸை விற்கும் இஸ்ரேல் நிறுவனம், அரசுகளுக்கு மட்டும்தான் விற்கிறோம் என்கிறது. அப்படியானால் நீங்கள் வாங்கினீர்களா, இல்லையா? ஒரு வார்த்தை பதில். உச்ச நீதிமன்றத்தில்கூட அரசு அதைச் சொல்லவில்லை. தேசப் பாதுகாப்பு என்று சொன்ன மாத்திரத்தில் எல்லாவற்றிலிருந்தும் தப்பித்துவிட முடியாது என்று 2021 அக்டோபர் 27-ல் கண்டித்த நீதிமன்றம், ஒரு குழுவை அமைத்தது. 2022 ஆகஸ்டில் குழு சொன்னது: 29 போன்களைப் பார்த்தோம், ஐந்தில் ஏதோ வைரஸ் இருந்தது, அது பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கூடவே, அரசு ஒத்துழைக்கவில்லை என்பதையும் சொன்னது.

அமெரிக்காவில் வாட்ஸ்அப் போட்ட வழக்கில் அதே பெகாசஸ் நிறுவனம் தோற்றது. 2025 மே மாதம் ஜூரி சுமார் 16 கோடியே 70 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அக்டோபரில் நீதிபதி அதைச் சுமார் 40 லட்சமாகக் குறைத்தார். ஆனால், இனி வாட்ஸ்அப் பக்கம் வரவே கூடாது என்று தடை போட்டார். ஒரு கம்பெனி கோர்ட்டுக்குப் போய் நியாயம் வாங்கிவிட்டது. போனுக்கு உரியவர்களுக்கு இங்கே என்ன கிடைத்தது?

*

பயங்கரவாதிகளைக் கண்காணிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். குண்டு வைக்கப் போகிறவன் போனை அரசு கேட்கத்தான் வேண்டும். ஆனால், கேட்பது வேறு, உள்ளே வைப்பது வேறு. கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வைப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை. அது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படியே அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் புகுவது குற்றம்.

2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டம், டிஜிட்டல் ஆவணத்துக்கு 'ஹாஷ்' என்ற எண்ணைச் சான்றிதழில் குறிக்கச் சொல்கிறது. அது அந்த ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், அது சொல்வது பறிமுதலுக்குப் பிறகு யாரும் கைவைக்கவில்லை என்பதை மட்டும். பறிமுதலுக்கு முந்தைய நாள் கைவைத்திருந்தால்? பெட்டிக்குள் பாம்பை விட்ட பிறகு பெட்டிக்கு சீல் வைப்பது போலத்தான்.

அதனால், மூன்று விஷயங்களை நாம் கேட்க வேண்டும். ஒன்று, கம்ப்யூட்டரில் கிடைத்ததுதான் முக்கிய ஆதாரம் என்றால், டிஸ்க்கின் முழு நகலை உடனே குற்றம்சாட்டப்பட்டவருக்குக் கொடுத்துவிட வேண்டும். போலீஸும் வேண்டாம், எதிர்த்தரப்பும் வேண்டாம், கோர்ட் நியமிக்கும் நிபுணர் அதைப் பார்க்கட்டும். அந்த அறிக்கை ஜாமீன் மனுவுக்கு முன்னால் வரட்டும். இரண்டு, யாரைக் கண்காணிக்கலாம் என்ற உத்தரவை இன்றைக்கு உள்துறைச் செயலாளர் போடுகிறார். அது சரிதானா என்று பார்ப்பதும் அதிகாரிகள் குழுதான். இது நீதிபதி கையில் போக வேண்டும். மூன்று, ஸ்டேன் சாமி, ரோனா வில்சன், காட்லிங் கம்ப்யூட்டர்களில் புகுந்தது யார் என்று உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையில் விசாரணை. ஆர்சனல் பொய் சொல்கிறது என்றால் அது நிரூபணமாகட்டும். அரசுக்கு அதில் என்ன பயம்? தப்பு பண்ணினவன்தானே பயப்படணும்?

*

அந்த ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் நான் அன்று ஒரு புத்திமதி சொன்னேன். "தெரியாத ஆளா இருந்தா முதல்ல போன் பண்ணிக் கேளுங்க. அப்புறம் திறங்க."

அவர் சிரித்துவிட்டார். "கீழே ஊருல டவரே கிடையாது சார். அங்கேயிருந்து யாராச்சும் மேலே ஏறி வந்து, கடையில காசு குடுத்து, ஒரு மெயில் அனுப்பறாங்கன்னா அது எவ்வளவு பெரிய விஷயம்! அதைத் திறக்காம விடச் சொல்றீங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஜாக்கிரதையாக இருங்கள் என்று இந்த மாதிரி ஆட்களுக்கு நாம் வகுப்பு எடுக்கலாம். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லலாம். அவையெல்லாம் தேவைதான். ஆனால், முகம் தெரியாதவர் உதவி கேட்டால் திறந்து பார்ப்பது அவர்கள் வேலை. அந்த நல்ல குணத்தைத்தான் உள்ளே நுழைய வழியாகப் பிடித்துக்கொண்டார்கள். திறந்தது அவர்கள் தப்பு இல்லை.

அடுத்த தடவை டி.வி.யில் யாரோ ஒரு டீச்சர், ஒரு வக்கீல், ஒரு பாதிரியார் வீட்டு லேப்டாப்பில் பயங்கரச் சதி சிக்கியது என்று அலறுவார்கள். அப்போது சேனலை மாற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். இருந்தது சரி, வைத்தது யார்?

2018-ல் நாம் இதைக் கேட்டிருக்க வேண்டும்.